இஞ்சிக் குடும்பத்தில் புதிய செடி: சுங்கை சிப்புட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் இஞ்சிக் குடும்பத்துச் செடிகளை வளர்க்கிறேன். பிளாஸ்டிக் பையில் கிழங்கோடு வந்து நிற்பவர்கள், கோயில் திருவிழாவில் மறித்துக் கேட்பவர்கள், பழைய மாணவர்கள் என்று எல்லோரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டவாறே கேள்விகளை வைத்து, எனக்கு உறுதியாகத் தெரிந்ததை எழுதியிருக்கிறேன்.

இஞ்சிக் குடும்பம் என்கிறீர்களே ஐயா, அதில் இஞ்சியைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

சமையலறையிலேயே பாதிக் குடும்பம் இருக்கிறது. மஞ்சள், ஏலக்காய், சித்தரத்தை, மாங்காய் இஞ்சி, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு எல்லாம் இதைச் சேர்ந்தவை. பசாரில் விற்கும் லெங்குவாஸ் நம் பேரரத்தையேதான். செக்கூர் நம் கச்சோலம். அசாம் லக்சாவில் நறுக்கிப் போடும் இளஞ்சிவப்பு மொட்டான புங்கா கந்தானும் இதே குடும்பம். உலகில் 50க்கும் மேற்பட்ட பேரினங்கள், ஏறத்தாழ 1,600 சிற்றினங்கள் இருக்கின்றன. தீபகற்ப மலேசியாவில் மட்டும் 150 சிற்றினங்களுக்கு மேல் உண்டு.

குடும்பத்தின் அறிவியல் பெயர் ஜிஞ்ஜிபெரேசியே. இந்தப் பெயர் கிரேக்கம், பாலி வழியாகப் பின்னோக்கிப் போய் நம் ‘இஞ்சி’, ‘வேர்’ என்ற இரண்டு சொற்களில் முடிகிறது என்று மொழியறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். அதனாலேயே முதல் பாடத்தில் சொல்லிவிடுவேன்.

ஆற்றோரத்தில் இப்படி அகலமான இலையோடு நூறு செடி நிற்கிறது. எது இஞ்சி வகை, எது இல்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள். இஞ்சிக் குடும்பத்தின் எல்லாப் பாகங்களிலும் வாசனை எண்ணெய் உண்டு. கல்வாழையையும் ஹெலிகோனியாவையும் கசக்கினால் வெறும் பச்சிலை வாசம்தான் வரும். அடுத்து, இலைகள் தண்டின் இரு பக்கமும் இரண்டே வரிசையில் அமைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். மலாய்க்காரர்கள் செதாவார் என்று சொல்லும் செடியை இங்கே பலரும் காட்டு இஞ்சி என்று நினைக்கிறார்கள். அதன் தண்டு சுருண்டு ஏறும், இலைகளும் திருகுப் படிக்கட்டு போல் சுற்றி ஏறும், வாசனை இருக்காது. ஒரு காலத்தில் அதையும் இஞ்சிக் குடும்பத்தில் சேர்த்திருந்தார்கள். இப்போது அது கோஸ்டேசியே என்ற தனிக் குடும்பம்.

கிழங்கையே கொண்டுவந்து கொடுத்தேன். அப்போதும் பெயர் சொல்ல மாட்டேன் என்கிறீர்களே?

மறைப்பதற்கு ஒன்றுமில்லை. கிழங்கையும் இலையையும் மட்டும் பார்த்து இந்தக் குடும்பத்தில் சிற்றினத்தை உறுதியாகச் சொல்வது பெரும்பாலும் முடியாத காரியம். பூ வேண்டும். அந்தப் பூவோ பல செடிகளில் ஒரு நாள்கூட நிற்காது. காலையில் விரிந்தது மாலைக்குள் குழைந்து கூழாகிவிடும். தாளில் அழுத்திக் காயவைத்தால் நிறமும் போகும், வடிவமும் போகும். அதனால்தான் ஆராய்ச்சியாளர்கள் செடியைக் காயவைப்பதோடு, பூவைத் தனியாக ஒரு சிறு புட்டியில் 70 விழுக்காடு சாராயக் கரைசலில் போட்டு வைக்கிறார்கள்.

இஞ்சிக் குடும்பத்தில் இன்றும் புதிய செடிகள் வந்துகொண்டே இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். வெளியூரிலிருந்து ஒரு குழு மூன்று நாள் காட்டுக்குப் போகிறது. அந்த மூன்று நாளில் செடி பூக்கவில்லை என்றால் அவர்களுக்கு அது வெறும் இலை. பக்கத்தில் வாழ்கிறவர்களுக்குத்தான் பூ கண்ணில் படும்.

பூவில் அப்படி என்னதான் இருக்கிறது?

பொறுமையாகப் படியுங்கள். இந்தக் குடும்பத்தின் அழகே இங்கேதான் இருக்கிறது. இஞ்சிப் பூவில் பெரிதாக, வண்ணமாக, நாக்கு நீட்டியது போல் தெரியும் பகுதியை எல்லோரும் இதழ் என்று நினைக்கிறோம். அது இதழ் அல்ல. மகரந்தத்தாள்களாக இருந்திருக்க வேண்டிய இரண்டு, மகரந்தம் தரும் வேலையை விட்டுவிட்டு ஒன்றாக இணைந்து உதடு போல் விரிந்திருக்கின்றன. உண்மையான மகரந்தத்தாள் ஒன்றே ஒன்றுதான். அதன் பையின் இரு பாதிகளுக்கு நடுவே நூல் போன்ற சூல்தண்டு நுழைந்து, நுனி மட்டும் மேலே எட்டிப் பார்க்கும். உதட்டில் வந்து இறங்கும் தேனீயின் முதுகில் இரண்டும் உரசும்.

பேரினத்தைப் பிரிப்பதும் இங்கிருந்துதான். மகரந்தப்பையின் மேல்முனை கொம்பு போல் நீண்டு சூல்தண்டைச் சுற்றிக்கொண்டால் அது ஜிஞ்ஜிபெர், அதாவது இஞ்சிப் பேரினம். பூவடிச் செதில்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பை பையாக அமைந்து, உச்சியில் மட்டும் நிறச் செதில்கள் கொத்தாக நின்றால் அது குர்குமா, மஞ்சளின் பேரினம். உதட்டின் அடியும் மகரந்தத்தாளின் அடியும் சேர்ந்து குழலானால் எட்லிங்கெரா. புங்கா கந்தான் இதில் வரும். மகரந்தத்தாள் வில்லாக வளைந்து வெளியே நீண்டால் குளோபா. குளோபாவுக்குள் மேலும் பிரிக்க, மகரந்தப்பையின் ஓரத்தில் முள் போன்ற இணைப்புகள் இல்லையா, இரண்டா, நான்கா என்று எண்ணுகிறார்கள். உருப்பெருக்கி இருந்தால் எண்ணுவது எளிது.

பூ இல்லாதபோது ஒரு சிறு தடயம் உதவும். கிழங்கு ஓடும் திசையைப் பாருங்கள். இலை வரிசை அதே திசையில் விரிந்தால் செடி இஞ்சி, மஞ்சள் பக்கத்து உறவு. குறுக்காக விரிந்தால் அரத்தை, ஏலக்காய், புங்கா கந்தான் பக்கத்து உறவு.

‘புதிய செடி’ என்றால் இதுவரை எவரும் பார்க்காத செடியா?

இல்லை. இந்த ஒரு கேள்விக்குச் சரியான பதில் ஊரில் பரவினால் போதும் என்று எனக்குத் தோன்றும். பிளஸ் ஆற்றின் மேல்பகுதியில் வாழும் பூர்வக்குடிகளான தெமியார் மக்களும் செமாய் மக்களும் தங்கள் காட்டுச் செடிகளைத் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்கள். ஒரு செடிக்கு அவர்களிடம் பெயர், பயன் எல்லாம் இருக்கும். அறிவியலில் ‘புதியது’ என்றால், அந்தச் செடிக்கு விதிப்படி வெளியிடப்பட்ட பெயர் இதுவரை இல்லை என்பது மட்டுமே பொருள்.

சில புதிய சிற்றினங்கள் காட்டில் கிடைப்பதே இல்லை, அலமாரியில் கிடைக்கின்றன. பல ஆண்டுகளுக்கு முன் யாரோ சேகரித்து, வேறு செடியின் பெயரை எழுதி வைத்த காய்ந்த செடித் தாளை, ஒருவர் எடுத்துப் பார்த்து ‘இது அது இல்லையே’ என்கிறார். அதுவும் கண்டுபிடிப்புத்தான்.

அப்படியானால் புதியது என்று யார், எப்படி முடிவு செய்கிறார்கள்?

ஒப்பிட்டுப் பார்த்துத்தான். ஏற்கனவே பெயர் பெற்ற ஒவ்வொரு நெருங்கிய உறவோடும் அந்தச் செடியை வைத்துப் பார்த்து, ‘இதுவும் இல்லை, இதுவும் இல்லை’ என்று கடைசிவரை போக வேண்டும். காட்டில் ஒரு நாள் என்றால் இந்த வேலை மாதக்கணக்கில் இழுக்கும்.

ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மூல மாதிரி உண்டு. பெயர் வைத்தவர் ‘நான் சொல்வது இந்தச் செடியைத்தான்’ என்று சுட்டிக்காட்டி, ஹெர்பேரியம் என்னும் உலர்செடிக் காப்பகத்தில் சேர்த்த காய்ந்த செடி அது. நம் பகுதிச் செடிகளின் மாதிரிகள் கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆராய்ச்சிக் கழகம், சிங்கப்பூர் தாவரத் தோட்டம், இலண்டனில் கியூ தோட்டம் என்று பல இடங்களில் இருக்கின்றன. அவற்றைப் பார்க்க வேண்டும், பழைய விவரிப்புகளைப் படிக்க வேண்டும், செடியை ஒரே இடத்தில் ஒரு முறை மட்டும் பார்க்காமல் பல செடிகளில் அதே வேறுபாடு நிற்கிறதா என்று உறுதி செய்ய வேண்டும். பிறகு கட்டுரை எழுதி, அதே துறையினர் படித்துக் குறை சொல்லி, திருத்தி வெளியிட வேண்டும்.

பழைய விவரிப்பு என்கிறீர்கள். இந்த நாட்டு இஞ்சிகளை முதலில் எழுதியது யார்?

தமிழர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு பெயர் யோகான் கெர்ஹார்ட் கோனிக். தாவரப் பெயர் முறையை வகுத்த லின்னேயஸின் மாணவர். மருத்துவராகத் தரங்கம்பாடிக்கு வந்தவர். 1779இல் பூக்கெட் தீவில் இருந்தபோது, இஞ்சிக் குடும்பத்துப் பூக்களை உயிரோடு வைத்துப் பார்த்துப் பார்த்து எழுதினார். அந்தக் குறிப்புகள் 1783இல் அச்சாயின. ஓடையோரம் வெள்ளைப் பட்டாம்பூச்சி போல் மணம் வீசிப் பூக்கும் ஹெடிகியம் கொரோனாரியத்துக்கு அவர் வைத்த பெயர்தான் இன்றும் நிற்கிறது. பூவை உயிரோடு பார்த்து எழுதியதால்தான் அந்த எழுத்து நிலைத்தது என்பது என் நம்பிக்கை.

அடுத்தவர் ஹென்றி நிக்கோலஸ் ரிட்லி. ஆமாம், அதே ரப்பர் ரிட்லிதான். 1888இல் சிங்கப்பூர் தாவரத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்றார். மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் முறையை வகுத்து, ரப்பர் போடுங்கள் என்று தோட்டக்காரர்களை விடாமல் வற்புறுத்தினார். நம் பாட்டன்மார் கப்பலேறி வந்ததற்கும் அவருடைய பிடிவாதத்துக்கும் தொடர்பு உண்டு. அதே மனிதர் 1899இல் மலாய்த் தீபகற்பத்து இஞ்சி, வாழை வரிசைச் செடிகளைத் தொகுத்து எழுதினார். என் தாயார் முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். வெளிச்சம் வருமுன் எழுந்து அவர் வெட்டிய கோட்டுக்கும், நான் இப்போது புரட்டும் இஞ்சி விவரிப்புக்கும் ஒரே ஆள் காரணம் என்று அறிந்த நாளில் எனக்கு இரவு தூக்கம் வரவில்லை.

மூன்றாமவர் ஹோல்ட்டம். 1950இல் அவர் வெளியிட்ட தீபகற்ப இஞ்சிக் குடும்பத் தொகுப்பை இன்றும் ஆராய்ச்சியாளர்கள் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் வேலை செய்கிறார்கள்.

நான் கண்டுபிடித்தால் என் பெயரை வைக்கலாமா?

நீங்களே உங்கள் பெயரை வைத்துக்கொள்வதை விதி தடுக்கவில்லை, வழக்கம் தடுக்கிறது. உங்களை மதித்து வேறொருவர் வைக்கலாம். சரவாக்கின் லம்பீர் காட்டில் கிடைத்து 2000இல் விவரிக்கப்பட்ட ஒரு செடிக்குத் தமிஜியா என்று பெயர். அந்தக் காட்டில் ஆய்வு செய்து 1997இல் விமான விபத்தில் இறந்த ஜப்பானிய அறிஞர் தமிஜி இனோவேயின் நினைவாக வைத்தது.

விதிகள் ஒரு பன்னாட்டுத் தொகுப்பில் உள்ளன. மூல மாதிரியையும் அது இருக்கும் ஹெர்பேரியத்தையும் குறிப்பிட வேண்டும். விவரிப்பு இலத்தீனிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும். 1935 முதல் 2011 வரை இலத்தீன் மட்டுமே செல்லுபடியானது. முகநூலில் போட்டால் பெயர் ஆகாது.

பூவின் நிறமே வேறாக இருக்கிறதே, அது வேறு இனம்தானே?

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். பல ஆண்டுகளுக்கு முன், ஒரு தோட்டத்தின் எல்லையில் தேன்கூடு போன்ற மஞ்சள் பூங்கொத்து ஒன்றைப் பார்த்தேன். அரை மைல் தள்ளி அதே வடிவில் சிவப்பாக ஒன்று. இரண்டு இனம் என்று குறிப்பேட்டில் எழுதி, மாணவர்களுக்கும் சொல்லிவிட்டேன். மூன்று வாரம் கழித்துப் போனால் மஞ்சள் கொத்து சிவந்திருந்தது. அது ஜிஞ்ஜிபெர் ஸ்பெக்டாபிலி. அதன் செதில்கள் இளமையில் மஞ்சளாக இருந்து முதிரும்போது சிவக்கும். கருமையான உதட்டில் மஞ்சள் புள்ளி தெளித்த பூ, இரண்டிலும் ஒன்றாகவே இருந்திருக்கிறது. நான் செதிலைப் பார்த்தேன், பூவைப் பார்க்கவில்லை. மறுநாளே வகுப்பில் திருத்திச் சொன்னேன்.

பழைய புத்தகத்தில் ஒரு பெயர், இணையத்தில் இன்னொரு பெயர். எதை எழுதுவது?

புங்கா கந்தானையே எடுத்துக்கொள்வோம். 1822இல் வில்லியம் ஜாக் அதை அல்பினியா எலாட்டியோர் என்றார். பிறகு நிக்கோலாயா, ஃபியோமேரியா என்றெல்லாம் அழைத்தார்கள். 1986இல் எட்லிங்கெரா எலாட்டியோர் ஆனது. பேரினம் மாறியது, ‘எலாட்டியோர்’ என்ற பின்பெயர் அப்படியே தொடர்ந்தது. செடி யாருக்கு உறவு என்ற புரிதல் மாறும்போது முன்பெயர் மாறும்.

ஏலக்காயின் கதையும் அப்படித்தான். நம் ஏலக்காய் எலெட்டாரியா பேரினம். மலேசியக் காடுகளில் அதே பேரினம் என்று எண்ணியிருந்த செடிகள் ஏலக்காய்க்கு நெருங்கிய உறவு அல்ல என்று தெரிந்து, 2018இல் அவற்றைச் சுலெட்டாரியா என்று பிரித்துவிட்டார்கள். எழுதும்போது கியூ தோட்டத்தின் இணையப் பட்டியலில் உள்ள இன்றைய பெயரை எழுதி, பக்கத்தில் பழைய பெயரையும் குறித்துவையுங்கள். மலாய், தெமியார், தமிழ்ப் பெயர்களையும் எழுதுங்கள். அவை எந்த மாநாட்டிலும் மாறுவதில்லை.

இப்போதுதான் மரபணுச் சோதனை இருக்கிறதே. ஒரு இலையை அனுப்பினால் புதியதா இல்லையா என்று சொல்லிவிடாதா?

பெரிய உறவுகளைப் பிரிக்க அது மிகவும் உதவியது. 2002இல் கிரெஸ் என்பவரும் அவருடைய குழுவும் மரபணுவை வைத்துக் குடும்பத்தை நான்கு துணைக்குடும்பங்களாக வகுத்தார்கள். முன்பு பூவையும் காயையும் மட்டும் வைத்துப் பிரித்த சில பிரிவுகள் அதில் நிற்கவில்லை. மேலே சொன்ன தமிஜியா, உறவே இல்லாமல் தனி ஒரு துணைக்குடும்பமாக நின்றது.

ஆனால் நெருங்கிய சிற்றினங்களுக்குள் சிக்கல் வருகிறது. மஞ்சளின் பேரினத்தில் கலப்புகளும், குரோமோசோம் தொகுதி பெருகியவையும் ஏராளம். நம் வீட்டு மஞ்சளிலேயே மூன்று தொகுதிகள், 63 குரோமோசோம்கள். அதனால்தான் அது பூத்தாலும் விதை பிடிப்பதில்லை, கிழங்காலேயே பெருகுகிறது. இப்படிப்பட்ட இடத்தில் மரபணுவின் எழுத்துவரிசை மட்டும் முடிவு சொல்லாது. தவிர, ஒப்பிடுவதற்குச் சரியாகப் பெயரிட்ட செடியின் மரபணு முதலில் கையில் இருக்க வேண்டும். நான்காவது பதிலில் சொன்ன பூவுக்கே மறுபடி வர வேண்டியிருக்கிறது.

செம்பனைத் தோட்டத்துக்குள் தேடினால் கிடைக்குமா?

கிடைக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஓடைக்கரை, தோட்டம் முடிந்து காடு தொடங்கும் சரிவு, சுண்ணாம்புக் குன்றின் அடிவாரம் ஆகியவற்றைப் பாருங்கள். சுண்ணாம்புப் பாறையில் மட்டுமே வளரும் செடிகள் உண்டு. பல எட்லிங்கெராக்கள் தரையிலேயே நட்சத்திரம் போல் பூக்கும். தலை நிமிர்ந்து நடப்பவர் அதை மிதித்துவிட்டுப் போவார்.

காட்டில் ஒன்றைப் பார்த்தேன். வேரோடு பிடுங்கி வந்து தரட்டுமா?

வேண்டாம். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். வனக் காப்பகத்தில் அனுமதியின்றிச் செடி எடுப்பது 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி குற்றம். ஆய்வுக்காக எடுப்பதற்கு 2017ஆம் ஆண்டு உயிரியல் வளச் சட்டப்படி தனி அனுமதி வேண்டும். சட்டத்தை விடுங்கள், அந்தச் சரிவில் அது ஒன்றே ஒன்றாகக்கூட இருக்கலாம்.

படம் எடுங்கள். முழுச் செடி ஒன்று. இலைக்காம்பு தண்டைத் தொடும் இடத்தில் சிறு நாக்கு போன்ற சவ்வு இருக்கும், அதன் மயிர்கூடத் தெரியும்படி ஒன்று. இலையின் அடிப்பக்கம். பூங்கொத்து தண்டு நுனியிலா, தரையிலிருந்து தனியாகவா என்பது. பூவை முன்னிருந்தும் பக்கவாட்டிலும், பக்கத்தில் ஓர் இருபது சென் நாணயத்தோடு. தேதி, நேரம், வாசனை எதைப் போன்றது என்பதையும் எழுதுங்கள். இடத்தை மட்டும் பொதுவில் போடாதீர்கள். தோண்டி விற்பவர்களும் அதைப் படிக்கிறார்கள். படத்தைக் கெப்போங் கழகத்துக்கோ, பல்கலைக்கழக ஹெர்பேரியத்துக்கோ அனுப்பலாம்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. என் பேச்சை அவர்கள் கேட்பார்களா?

பினாங்கின் கொம்தார் கோபுரத்தை வடிவமைத்த லிம் சோங் கியாட் ஒரு கட்டடக் கலைஞர். தாவரவியல் அவருடைய தொழில் அல்ல. இஞ்சிகள் மேலும் பனைகள் மேலும் கொண்ட ஆர்வத்தால் பல புதிய இஞ்சிச் சிற்றினங்களுக்கு அவர் பெயரிட்டிருக்கிறார். நீங்கள் கட்டுரை எழுத வேண்டியதில்லை. எந்த மாதம், எந்த ஓடையில், காலையா மாலையா, எது பூக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அந்த அறிவு எந்தப் பட்டத்திலும் கிடைக்காது. அதைக் கொடுத்தவரின் பெயரைக் கட்டுரையில் சொல்லும்படி உரிமையோடு கேளுங்கள். பூர்வக்குடி மக்கள் வழிகாட்டினால் அவர்கள் பெயரையும், அவர்கள் செடிக்குச் சொல்லும் பெயரையும் எழுதச் சொல்லுங்கள்.

தெரியாத காட்டு இஞ்சியைச் சாப்பிட்டுப் பார்க்கலாமா? மருந்தாகுமா?

சாப்பிடாதீர்கள். வாசனை இருப்பதெல்லாம் உணவு அல்ல.

பெயர் வைத்துவிட்டால் செடி பிழைத்துவிடுமா?

பிழைக்காது. ஆனால் பெயரில்லாத செடியை அழிவாபத்துப் பட்டியலில் சேர்ப்பது மிகக் கடினம். சாலை போடுமுன் எழுதும் சுற்றுச்சூழல் அறிக்கையிலும் அதைக் குறிப்பது கடினம். ‘இங்கே இது இருக்கிறது, தள்ளிப் போடுங்கள்’ என்று சொல்வதற்கே ஒரு பெயர் வேண்டியிருக்கிறது.

காட்டோரச் சரிவு ஒன்றில் முழங்கால் உயரச் செடி ஒன்றைப் பார்த்துவைத்திருந்தேன். கசக்கினால் எலுமிச்சைத் தோலும் மிளகும் கலந்த வாசம் வரும். நான் அறிந்த எதிலும் அது அடங்கவில்லை. பூக்கட்டும் என்று இரண்டு வருடம் போய்ப் போய்ப் பார்த்தேன். மூன்றாம் வருடம் போனபோது சரிவை வெட்டிச் சமப்படுத்தி, செம்பனைக் கன்று நட்டிருந்தார்கள். என்னிடம் இருக்கும் ஆறு படங்களிலும் இலைகள் மட்டுமே இருக்கின்றன.